இல்லையென்ற வாசலிலேயே நின்று கேட்டவனுக்கு

மாப்பிள்ளே,

இன்று காலை என் வீட்டுக்காரி வாசலில் முக்காலி போட்டு என்னை உட்கார வைத்து, கொட்டாங்குச்சியில் தலைச்சாயம் கலக்கினாள். நாளைக்குக் கரடியூரில் என் தங்கை பேத்திக்குக் காது குத்து. முன்வரிசையில் உட்காரப் போகிறவன் வெள்ளைத் தலையோடு போகலாமா என்று அவளுக்குக் கவலை. அந்தச் சாயத்தின் நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குலுங்கியதில் பாதிச் சாயம் காதுக்குள் போயிற்று. என்ன சிரிப்பு என்று அதட்டினாள். உன் பேரைச் சொல்லி, நினைப்பு வந்துவிட்டது என்றேன். அவள் முந்தானையால் என் காதைத் துடைத்துவிட்டாள். பிறகு மறுபடி தடவ ஆரம்பித்தாள்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பைத் தாண்டாத கை இது. ஆனால் என் கையெழுத்தை அப்படியே அச்சில் போடலாம் என்று அந்தக் காலத்து வாத்தியார் சொன்னது உனக்குத் தெரியும். நீ நம்பியதில்லை. நான் எதைச் சொன்னாலும் "நடந்தத மொதல்ல சொல்லு மச்சா, நடக்காதத அப்புறம் சொல்லு" என்பாய். இந்த மடலில் முடிந்தவரைக்கும் அந்த வரிசையிலேயே போகிறேன்.

எஸ்டேட்டை விற்றாயிற்று என்று கணக்கெழுதும் ரைட்டர் வந்து சொன்னது, காப்பிப் பழம் பறித்து முடிந்த தை மாதத்தில். நான் பழம் அரைக்கும் மிஷினில் இருந்தேன். என் குரல் கேட்காவிட்டால் அந்த மிஷின் ஓடாது என்பது சேர்வராயன் மலைக்கே தெரிந்த விஷயம். நீ கவாத்துக்காரன், காப்பிச் செடியில் வேண்டாத கிளையைக் கழிப்பதும், மிளகுக் கொடியை மரத்தில் ஏற்றிக் கட்டுவதும் உன் வேலை. பழைய முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். கண் கலங்கினார், அவ்வளவுதான் என்று நீ திருத்துவாய். சரி, கலங்கினார். புதிதாக வாங்கியவர்கள் தோட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நடுநடுவே சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்கு வீடு கட்டப் போவதாகச் சொன்னார்கள். நாம் குடியிருந்த லைன் வீடுகளை இடித்துவிடுவார்களாம். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா முடியும் வரை இருக்கலாம், அதற்கு மேல் முடியாது.

மலையிலேயே வேறு வேலை கிடைத்தால் அங்கேயே தங்க ஒரு மூலை கிடைக்கும். கிடைக்காவிட்டால் கீழே இறங்க வேண்டியதுதான். உன் மைத்துனன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்து, குடும்பத்தோடு கிளம்பி வரச்சொல்லிவிட்டான். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டவே ஆரம்பித்துவிட்டாள். உன் மகள் மட்டும் இங்கே பள்ளிக்கூடத்தை விட்டு வர மாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள்.

நீ அவசரப்படவில்லை. "கீழ எறங்கினா செத்துப்போவன்னெல்லாம் சொல்ல மாட்டன் மச்சா. ஆனா எறங்காம இருக்க வழி இருக்குதான்னு எல்லாக் கதவையும் தட்டிப் பாத்துட்டுத்தான் எறங்குவன்" என்றாய். எனக்கோ, இறங்கினால் போய் நிற்க ஒரு மைத்துனன்கூடக் கிடையாது. அதை எதற்கு வெளியே சொல்வது? திருப்பூரில் கம்பெனிக்காரர்கள் எனக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று ஒண்டிக்கடை ரவுண்டானா டீக்கடையில் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கடைக்காரர் அதற்கப்புறம் எனக்கு டீயை வழிய வழிய ஊற்றித் தந்தார்.

அதுவரைக்கும் நாம் யாரிடமும் போய் வேலை கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எஸ்டேட்டில் காலையில் சங்கு ஊதுவார்கள். பெரட்டுக் களத்தில் போய் வரிசையாக நிற்போம். மேஸ்திரி முகத்தைப் பார்த்து ஆளைப் பிரித்து அனுப்புவார். போய் நின்றால் வேலை. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் முதல் ரிசார்ட்டுக்கும் அப்படியே போனோம். விடியற்காலையில், தலையில் கம்பளித் தொப்பி, தோளில் துண்டு, உன் கையில் கவாத்துக் கத்தி. கேட்டுக்கு வெளியே, ஒன்றும் பேசாமல், அடக்கமாக நின்றோம். வெயில் ஏறும் வரை நின்றோம். கத்தியைப் பார்த்து மிரண்ட வாட்ச்மேன் உள்ளே போன் போட, மேனேஜரே ஓடி வந்தார். வந்தவர் நம்மைக் கோயில் வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்து, சட்டைப் பையில் கை விட்டு நோட்டை எடுத்து நீட்டினார். என்னைப் பார்த்தால் தர்மகர்த்தா மாதிரித்தான் இருக்கும், அவர் மேல் தப்பில்லை.

நீதான் அதை வாங்காமல், வேலைக்கு வந்தோம் என்றாய். வேலை எதுவும் இல்லை என்று அவர் திரும்பினார். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ நகரவில்லை. உன் வாயில் இருந்து அந்தக் கேள்வி முதன்முதலாக வந்தது அங்கேதான்:

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. எங்ககிட்ட என்ன கொறைன்னு ஒன்னே ஒன்னு சொல்லிப்போட்டுப் போங்க."

அவர் நின்றார். நம்மை மேலும் கீழும் பார்த்தார். வேலை கேட்கிறவர்கள் இப்படிக் கேட்டில் நின்றால் யாருக்குத் தெரியும், பத்து மணிக்கு மேல் உள்ளே வந்து ரிசப்ஷனில் சொல்ல வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும், கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரை வைதுகொண்டே வந்தேன். நீ மட்டும் ஏதோ பரிசு வாங்கினவன் மாதிரி நடந்தாய். "இன்னைக்கு ஒன்னு தெரிஞ்சுது மச்சா. நாளைக்கு அந்தத் தப்பப் பண்ண மாட்டம்" என்றாய்.

மறுநாள் நாம் பண்ணியது புதுத் தப்பு. அது என் யோசனை என்பதால் நல்ல யோசனைதான். நரைத்த தலையைக் கண்டால் எவன் வேலை கொடுப்பான் என்று சாயப் பொட்டலம் வாங்கி வந்து உனக்கும் பூசினேன், எனக்கும் பூசிக்கொண்டேன், மீசையையும் விடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளைகள் போல இருந்தோம். ஊறின பிறகு தலையை அலச வேண்டும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. ஆனால் அந்தத் தைக் குளிரில் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள எந்த மலைக்காரனுக்குத் தைரியம் வரும்? துண்டால் ஒற்றி எடுத்துவிட்டுக் கிளம்பினோம். ஏரிக்கரையில் அன்றைக்கு இருந்த பனிமூட்டத்தில் என் கையை நீட்டினால் என் விரல் எனக்குத் தெரியவில்லை. ஓட்டலுக்குள் போய், ரிசப்ஷனில் சொல்லி, கற்றுக்கொண்டபடி நாற்காலியில் உட்கார்ந்தோம். தலையில் இறங்கியிருந்த பனி ஈரம் மெல்லத் திரண்டு, உன் நெற்றியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீ என்னைப் பார்த்து அதைவிட அதிகம் சிரித்தாய். அந்த ஓட்டல் நாற்காலி வெள்ளைத் துணி போட்டது.

அங்கேயும் விடாமல் உன் கேள்வியைக் கேட்டாய். அந்த ஓட்டல்காரர் நல்ல மனிதர், கைக்குட்டையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நரைச்ச ஆளு வேண்டாம்னு நான் சொல்லவே இல்லைங்க. ஒழுகற ஆளுதான் வேண்டாம்."

நீ திரும்பும் வழியில் ஒரு ஓடையில் குனிந்து, அந்தக் குளிரிலேயே தலையைக் கழுவினாய். என்னையும் பிடித்து அழுத்தினாய். நான் போட்ட சத்தத்தில் எதிர்ச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த காட்டு மாடுகள் ஓடிப்போயின. இது நடந்தது. நீ இருந்தால் சாட்சி சொல்லியிருப்பாய்.

அதற்கப்புறம் எத்தனை வாசல். ஒரு இடத்தில் சொந்தக்காரர் யாராவது சொல்லி வைத்தால்தான் என்றார்கள். ஒரு இடத்தில் போனில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். என் போனில் பாட்டுத்தான் வரும். பல இடங்களில் உன் கேள்விக்குப் பதிலே சொல்லாமல் கதவைச் சாத்தினார்கள். அப்போதும் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்து நின்றுவிட்டுத்தான் வருவாய். "சொல்லலைன்னா நம்மளே கண்டுபிடிக்கோணும்" என்பாய்.

கரடியூர்ப் பக்கத்து விருந்தினர் விடுதியில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. உங்களுக்கு என்ன தெரியும் என்று அதன் முதலாளி கேட்டார். எஸ்டேட்டில் நம்மை யாரும் கேட்காத கேள்வி அது. எனக்கு வாய் ஊறிவிட்டது. ஜீப் ஓட்டுவேன், மின்சாரம் பார்ப்பேன், சமைப்பேன், இங்கிலீஷ்காரன் வந்தால் இங்கிலீஷ், இந்திக்காரன் வந்தால் இந்தி என்று அடுக்கினேன். அவர் நீச்சல் குளத்து மோட்டாரைக் காட்டி, ஓட்டிக் காட்டுங்கள் என்றார். காப்பி மிஷினும் மோட்டார், இதுவும் மோட்டார் என்று நான் ஒரு குழாயைத் திருகினேன். குழாயை அப்படி மாட்டி வைத்தவன் எவன் என்று எனக்கு இன்று வரை தெரியாது. தண்ணீர் குளத்துக்குள் போகாமல், மர நிழலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மேல் பாய்ந்தது. சாம்பார் கிண்ணம் மிதந்து போயிற்று.

நீ கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். "எல்லாம் தெரியும்னு சொல்றவருக்கு நான் எந்த வேலையைங்க குடுக்கறது? கடைசி வரைக்கும் உங்களுக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியலைங்களே." பிறகு உன் பக்கம் திரும்பினார். "நீங்க வாயே தொறக்கலை. இவருக்குத் தொணைக்கு வந்தீங்களா?"

அன்றைக்குத்தான் நான் படுத்தேன். காய்ச்சல் என்று எல்லாரிடமும் சொன்னேன், மலையில் அப்படி ஒரு காய்ச்சல் அதற்கு முன் வந்ததில்லை. திருவிழாவுக்குக் கொடி மரம் வெட்டப் போய்விட்டார்கள். உன் வீட்டுச் சாக்குகள் லாரிக்குத் தயாராகத் திண்டு மாதிரி வாசலில் அடுக்கியிருந்தன. நீ வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தாய். "படுத்துக்கிட்டே வேல தேடறதுல புதுசா எதாச்சும் வழி கண்டுபிடிச்சிருக்கறயா?" என்று கேட்டாய். கம்பளியை உருவிப் போட்டுவிட்டு, செம்மநத்தம் போகிற பாதையில் என்னை நடத்திக்கொண்டு போனாய்.

அங்கே ஒரு சில்வர் ஓக் மரத்தை மேனேஜராக நிறுத்தி வைத்தாய். அதனிடம் என்னைப் பேசச் சொன்னாய். நான் பேசினேன். நீ போதும் என்றாய். மரத்துக்கே நம்பிக்கை வரவில்லை என்றாய். பிறகு நீ பேச நின்றாய். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "கவாத்துத் தெரியுமுங்க" என்றாய். அதற்கு மேல் உனக்கு வார்த்தை வரவில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது நாகரிகமில்லை என்று வளர்ந்த வாய், என்ன செய்யும்? எனக்குப் பொறுக்கவில்லை. ஏண்டா, இப்படியா சொல்வது என்று கத்திவிட்டு, அந்த மரத்திடம் உன்னைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் சொன்னேனோ. முடித்துத் திரும்பினால் நீ பாறைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மச்சா, இதயே போயிச் சொல்லு. உன்னப் பத்தி நான் சொல்றன்" என்றாய்.

எங்கே போய்ச் சொல்வது என்றேன். நம் எஸ்டேட்டிலேயே என்றாய். நம்மை வெளியே அனுப்பின அதே இடம். அங்கே பழைய பங்களாவையே ரிசார்ட்டாக மாற்றி ஆள் எடுக்கிறார்கள். அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று நான் ஒண்டிக்கடையில் நாலு பேர் நடுவில் சபதம் போட்டிருந்தேன். "வாசல்தான் பழசு. உள்ள இருக்கற ஆளு புதுசு" என்று நீ முடித்துவிட்டாய்.

உள்ளே இருந்தது சேலத்துப் பெண், வயது கம்மி, ஆனால் மேனேஜர். நாம் பத்து மணிக்குப் போனோம், உட்கார்ந்தோம், தலை நரைத்தே இருந்தது. யார் முதலில் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். "கண்ணு, மொதல்ல இவனப் பத்தி நான் சொல்லிடறன்" என்று ஆரம்பித்துவிட்டேன். மேனேஜரைக் கண்ணு என்று கூப்பிட்டதற்கு மேஜைக்கடியில் நீ என் காலை மிதித்தாய். அவள் சிரித்துவிட்டு, சொல்லுங்கள் என்றாள்.

"கவாத்து வெட்டறது, மொளகுக் கொடி கட்டறதெல்லாம் இந்த மலையில நெறையப் பேரு செய்வாங்க. இவன வேல இல்லைன்னு அனுப்பினா, அங்கியே நின்னு என்கிட்ட என்ன கொறைன்னு கேப்பானுங்க. அடுத்த வாசலுக்கு அந்தக் கொறையோட போக மாட்டான். வெச்சுப் பாருங்க. இன்னைக்குப் பண்ணுன தப்ப நாளைக்குப் பண்ண மாட்டானுங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். உன்னைப் பார்த்து, இவரைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றாள். நீ துண்டை மடியில் வைத்தாய்.

"இவன் பேச்சுல பாதிய நம்பாதீங்க அம்மணி. ஆனா இவன்கூட நடந்தா மேடு தெரியாதுங்க."

இருப்பது தோட்டத்துக்கு ஒரே ஒரு ஆளுக்கான இடம், அது உங்களுக்கு என்று உன்னிடம் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொன்ன சொல்லுக்கு ஒருவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. என் சொல்லை ஒரு மேனேஜர் நம்பியிருக்கிறாள். எனக்கு வேலை கிடைக்கவில்லை என்பதே கதவுப் பக்கம் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீ எனக்கு முன்னாலேயே நினைத்துவிட்டாய். திரும்பி நின்று, அதே கேள்வி, அதே குரல்: இவனிடம் என்ன குறை என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

அவரிடம் குறை இல்லை, அவருக்கு ஏற்ற வேலைதான் இங்கே இல்லை என்றாள். சொல்லும்போதே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போன ஒரு சென்னைக் குடும்பம் பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கித் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லாரும் பாதியிலயே எறங்கிடறாங்க. நீங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க பாக்கலாம்" என்றாள்.

கூட்டிப் போனேன். காப்பிப் பழம் எப்படிப் பழுக்கும், மிஷின் என் குரலுக்கு எப்படி ஓடியது, தினமும் நான் வேலைக்குப் போகும் வரை வழிவிட்டு ஒதுங்கி நின்ற காட்டு மாடு எது, எல்லாம் சொன்னேன். பாதி நடந்தது, பாதி நடக்காதது. வரிசை மட்டும் கலந்துவிட்டது. உச்சியில் போய் நின்றதும் அந்தக் குடும்பத்துப் பெரியவர், இது எந்த இடம், எப்போது ஏறினோம் என்று கேட்டார். அன்றையிலிருந்து இந்த ரிசார்ட்டில் தோட்டம் சுற்றிக் காட்டுகிற வேலை என்று ஒன்று உண்டு. அதற்கு முன்னால் கிடையாது. எனக்காகவே உண்டான வேலை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, நீயே அங்கே நின்றாய்.

சாக்கைப் பிரித்து அம்மியை எடுக்கும்போது தங்கச்சி அழுதாள். உன் மகள் இங்கேயே படித்து முடித்து இப்போது சேலத்தில் நர்ஸ். நீ வெட்டி விட்ட செடிகள் பூத்தால் அந்த வாசனைக்கே ஆட்கள் அறை எடுக்கிறார்கள். வேண்டாம் என்று அனுப்பின ஓட்டல்காரர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, எங்கள் தோட்டத்தையும் ஒரு நாள் பார்த்துக் கொடுங்கள் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். போன மழைக்கு நெஞ்சு வலியென்று நீ உட்கார்ந்த இடத்திலேயே போனபோது, அவர்கள் அத்தனை பேரும் மாலையோடு வந்து நின்றார்கள். உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல என்னை முன்னால் தள்ளினார்கள். நான் எதையும் கூட்டவில்லை மாப்பிள்ளே. உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு எப்போதும் அது தேவைப்பட்டதில்லை, அந்த மரத்திடம்கூட.

இப்போது ஆள் எடுக்கும்போது மேஜைக்கு இந்தப் பக்கம் என்னையும் உட்கார வைக்கிறார்கள். மேனேஜர் அம்மணி கேட்பாள், நான் பார்ப்பேன். இல்லை என்று சொல்லிவிட்டால் போகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நேராகக் கேட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒருவருக்கும் உன்னைப் போல நின்று கேட்க வரவில்லை. அதனால் நான் எழுந்து கூடவே போகிறேன். கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் சமையல் வேலைக்கு ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், சேலத்தில் ஏதோ ஓட்டல் மூடி வேலை போனவர். சைனீஸ், பஞ்சாபி, கேக், எல்லாம் தெரியும் என்றார். அம்மணி இல்லை என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு நடந்தேன். "கோவிச்சுக்காதீங்க. எல்லாம் தெரியும்னு ஆரம்பிக்காதீங்க. கொள்ளு ரசத்தப் பத்தி ஒரு வார்த்த சொன்னீங்க பாருங்க, அப்ப மட்டும் உங்க மொகமே வேறயா இருந்துச்சு. அடுத்த எடத்துல அங்கிருந்து ஆரம்பிங்க" என்றேன். அவர் நடையைத் தளர்த்தி என்னோடு சேர்ந்து நடந்தார். பிறகு அந்த ரசத்தை எப்படி வைப்பது என்று அவர் சொல்ல, நான் ஒருதரம் ஒரு கலெக்டருக்கு ரசம் வைத்த கதையைச் சொல்ல, அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

நம் ஆபீஸிலிருந்து கேட் வரைக்கும் செங்குத்து மேடு என்பது உனக்குத் தெரியும். கேட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவர் திரும்பிப் பார்த்து, அதற்குள் வந்துவிட்டோமா என்று கேட்டார்.